பத்து கம்ப்யூட்டர் ஆபீசும் ஒரு துறைமுகமும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்காதவர் வடசென்னையில் கிடையாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் நெரிசல் என்றால் அந்த வரிசை திருவொற்றியூர் பக்கம் வரை நீளும். கிரேனும் டிரைவரும் தயாராக இருந்தாலும், காகிதம் முடியாமல் ஒரு பெட்டியும் வெளியே வராது. அந்தக் காகிதம் இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சுங்கத்துறையின் ஐஸ்கேட்டில் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும். ஷிப்பிங் லைனிடம் டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும். சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் கிடங்கில் கணக்கு முடிக்க வேண்டும், ஈ-வே பில் எடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்வது பெரும்பாலும் ராயபுரத்திலும் மண்ணடியிலும் தண்டையார்பேட்டையிலும் குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற ஆபீஸ்கள்தான். பத்து கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு டாலி கணக்கு மென்பொருள், மூலையில் ஒரு ரவுட்டர்.

இந்த மாதிரி ஆபீஸ்களுக்கும், எண்ணூர்ப் பக்கம் சில பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஏ.எம்.சி. என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு சிஸ்டம் பார்ப்பது என் தொழில். பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு ஆபீசின் பாதுகாப்பு, அங்கே சிஸ்டம் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறதா என்பதில் இருக்கிறது. 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் ஒன்று. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கும் பணம் இன்னொன்று. ஆன்டிவைரஸ், ஃபயர்வால் எல்லாம் அதற்கு அப்புறம்.

பெரிய கம்பெனிகளுக்குத்தான் கம்ப்யூட்டர் தாக்குதல் தொல்லை என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூன் 27. உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக அன்று இருந்த மெர்ஸ்க், ஒரே பகலில் முடங்கியது. அன்று உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.ஈ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற நாசகார நிரல் வெளியே வந்தது. மெர்ஸ்க்கின் ஒடெசா ஆபீசில், நிதிப் பிரிவு அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளைப் போட்டிருந்தார்கள். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையம் வரை வேலை நின்றது, வெளியே லாரிகள் குவிந்தன. பிறகு பத்து நாளில் 4,000 சர்வரையும் 45,000 கம்ப்யூட்டரையும் புதிதாக நிறுவினோம் என்று நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

நாட்பெட்யா பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே அப்டேட் வெளியிட்டுவிட்டது. மே மாதம் இதே ஓட்டை வழியாக வான்னக்ரை என்ற நிரல் வந்து உலகத்தையே எச்சரித்தும் போனது. ஆனால் அப்டேட் போட்டிருந்த மெஷின்களும் ஜூனில் விழுந்தன. காரணம், நாட்பெட்யா ஒரு கம்ப்யூட்டரில் ஏறியதும் அதன் நினைவகத்தைத் துழாவி, அங்கே யாராவது அட்மின் லாகின் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்தது. கிடைத்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து முறையாகவே அடுத்த கம்ப்யூட்டருக்குள் போனது. ஓட்டை தேவைப்படவில்லை, சாவி கையில் இருந்தது. சிஸ்டம் பார்க்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நம் ஊர்க் கதை. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ். நான் அங்கே அதற்கு முன் வேலை பார்த்ததில்லை, தெரிந்தவர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திங்கள்கிழமை காலை. போனில் பேசியது அங்கே சிஸ்டமும் பார்த்துக்கொண்டு சுங்கத்துறை ஆபீசுக்கும் ஓடுகிற தம்பி.

"அக்கா, எல்லா ஃபைலும் வெள்ளை வெள்ளையா இருக்குக்கா. டாலி ஓப்பனே ஆவல. பிரிண்டர் மட்டும் ஓடுது."

வெள்ளை என்று அவன் சொன்னது சரியான விவரம். எக்செல், பி.டி.எஃப். எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத ஒரு வால் ஒட்டியிருந்தது. எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோசுக்குத் தெரியாததால் எல்லாமே வெறும் வெள்ளைக் காகிதப் படமாக நின்றன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு நோட்பேட் கடிதம். பணம் கட்டினால் சாவி தருகிறோம் என்று.

எவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். விண்டோசில் லாகின் தோற்றால் 4625 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும், ஜெயித்தால் 4624. சனிக்கிழமை ராத்திரி முழுக்க 4625, நொடிக்கு இரண்டு மூன்று. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன: அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், அக்கவுன்ட்ஸ், யூசர், டாலி. ஞாயிறு விடியற்காலையில் ஒரே ஒரு 4624, 'டாலி' என்ற பெயரில். அதற்குப் பிறகு 4625 வரவே இல்லை. சிறிது நேரம் கழித்து ஆன்டிவைரஸ் நின்றதாகப் பதிவு. விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பிரதிகள் அழிக்கப்பட்டதும் தெரிந்தது. அப்புறம்தான் பூட்டு வேலையே தொடங்கியிருக்கிறது.

நடந்தது இதுதான். பகுதிநேரக் கணக்காளர் வீட்டிலிருந்து டாலி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குக் காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டு, கம்பெனிப் பெயரும் 123-ம். இணையத்தில் அப்படித் திறந்து கிடக்கிற ரிமோட் டெஸ்க்டாப்பைத் தேடிக்கொண்டு தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. ராயபுரத்து ஆபீசா, ரோட்டர்டாம் ஆபீசா என்று அவை பார்ப்பதில்லை.

பேக்கப் இருந்தது. சர்வருக்குப் பின்னால் வெளி ஹார்டு டிஸ்க், மேலே டேப் ஒட்டி 'பேக்கப்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுத்து. அது இரவும் பகலும் செருகியே இருந்ததால் அதிலும் எல்லாம் வெள்ளை. அவர்களைக் காப்பாற்றியது ஆடிட்டர். கணக்கு முடிப்பதற்காக முந்தைய மார்ச் மாதத் தகவலைப் பென் டிரைவில் வாங்கிப் போயிருந்தார். அதற்குப் பிந்தைய மாதங்களை ஐஸ்கேட்டில் பதிவான பில்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்து ஏற்றினார்கள். இடையில் சில பெட்டிகள் தேங்கி, டிடென்ஷன் கட்டணம் ஏறியது. அந்தத் தொகையில் பத்து ஹார்டு டிஸ்க் வாங்கியிருக்கலாம்.

மெர்ஸ்க்கும் இதே மாதிரித்தான் பிழைத்தது. யார் யாருக்கு எதில் அனுமதி என்ற பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் நூற்றைம்பது அளவில் இருந்தன. ஒன்றுக்கொன்று பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானா நாட்டு ஆபீசில் அந்த நேரம் கரன்ட் போயிருந்ததால், அங்கே இருந்த ஒன்று மட்டும் நெட்வொர்க்கில் இல்லாமல் தப்பித்தது. அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் மீண்டார்கள்.

ஆகவே பேக்கப் என்றால், செருகாமல் இருக்கிற பேக்கப். நான் எல்லா இடத்திலும் செய்வது: இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதிய பிறகு கழற்றி பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். மற்றது ஆபீசுக்கு வெளியே, முதலாளி வீட்டில். வாரம் ஒரு முறை இரண்டும் இடம் மாறும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்பார்கள். கம்ப்யூட்டரில் ஃபைல் கெட்டால் கெட்ட ஃபைலும் தானாகவே அங்கே ஏறும். பழைய பதிப்புகளுக்குத் திரும்பும் வசதி எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தரம், பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, டாலி கம்பெனியைத் திறந்து, கடைசி வவுச்சர் எண் சரியாக இருக்கிறதா என்று டே புக்கோடு ஒப்பிட வேண்டும். பேக்கப் ஓடிவிட்டது என்று திரையில் வருகிற பச்சை டிக்கை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே ஒன்றுமே இல்லாத பேக்கப் ஃபைல்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் வி.பி.என். போடுங்கள். போனில் வரும் இரண்டாவது குறியீடும் கேட்கும்படி வையுங்கள். வி.பி.என். பெட்டிக்கும் அப்டேட் உண்டு. 2023 ஜூலை 4-ஆம் தேதி ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கன்டெய்னர் முனையங்கள், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரால் இரண்டரை நாள் அளவுக்கு முடங்கின. வி.பி.என். கருவியின் வழியாக நுழைந்திருக்கக்கூடும் என்பதுதான் பின்னால் நடந்த ஆய்வின் கணிப்பு. வேலை முடிந்ததும் எனிடெஸ்க் மாதிரி ரிமோட் மென்பொருளை மூடிவிட வேண்டும். அதில் நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்து, 24 மணி நேரமும் ஓடவிடுகிற பழக்கம் நம் ஏரியாவில் அதிகம்.

இனி 'முடியாது' என்ற சொல்லுக்கு வருகிறேன். மெர்ஸ்க் கதையில் சாவியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நம் ஆபீஸ்களில் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. எல்லோரும் அட்மின் லாகினிலேயே நாள் முழுக்க மெயில் பார்க்கிறார்கள். ஒரு தவறான இணைப்பைச் சொடுக்கினால் வருகிற கிருமிக்கும் அட்மின் உரிமை கிடைத்துவிடுகிறது. இதை மாற்றப் போனால் முதல் எதிர்ப்பு முதலாளியிடமிருந்து வரும். புது வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா இது, என் காசுல வாங்குன சிஸ்டத்துல எனக்கே பெர்மிஷன் இல்லியா?"

"உங்களுக்கு இல்லாம யாருக்கு சார்? ரெண்டு லாகின் இருக்கு. ஒண்ணு தினம் வேலை பார்க்க. இன்னொண்ணு சாஃப்ட்வேர் போடறதுக்கு மட்டும். அதோட பாஸ்வேர்டு இந்தக் கவர்ல இருக்கு, ஒட்டி, மேல கையெழுத்துப் போட்டு உங்க லாக்கர்ல வெச்சுடுங்க."

அவர் கவரை வாங்கி லாக்கரில் வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் யாரும் தன்னிஷ்டத்துக்கு எதையும் நிறுவுவதில்லை. முதலாளியே கட்டுப்பட்டால் மற்றவர்கள் கட்டுப்படுகிறார்கள். சிஸ்டம் பார்க்கிறவர்களுக்கு: ஒவ்வொரு கம்ப்யூட்டரின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டும் வேறு வேறாக இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட்டின் லாப்ஸ் என்ற வசதி அதைத் தானாகவே மாற்றிக்கொண்டிருக்கும். டொமைன் அட்மினாக ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒருபோதும் நுழையாதீர்கள், பிரிண்டர் சரிசெய்வதற்காகக்கூட வேண்டாம். ஆள் வேலையை விட்டுப் போகிற அன்று மாலையே அவர் லாகினை நிறுத்துங்கள். விடை கொடுக்கிற காபிக்கு முன்னால் செய்தாலும் தப்பில்லை.

எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளில் வேறொரு ஆபத்து. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்த்து அறிவிக்காத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. அதனால் வேபிரிட்ஜில் இருக்கிற கம்ப்யூட்டர் சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, அது நின்றால் ஏற்றுமதி நிற்கும். பல இடங்களில் அது பழைய விண்டோசில் ஓடுகிறது, எடைமேடைக்காரர் கொடுத்த மென்பொருள் புதியதில் ஓடாது என்பதால். பழையதாக இருப்பதை உடனே மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் வாட்ச்மேன் யூடியூப் பார்க்கிற வைஃபையும், கேமரா டி.வி.ஆரும், வேபிரிட்ஜும் ஒரே சுவிட்சில் தொங்குவதை இன்றைக்கே மாற்றலாம்.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கே நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் உளவு நிரல் புகுந்ததாக 2019 அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் சொல்லியிருந்தது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நெட்வொர்க்கிலிருந்து தனித்து இருந்ததால் பாதிப்பு இல்லை என்றும் கழகம் அறிவித்தது. அந்தத் தனித்து இருத்தல்தான் நமக்குப் பாடம். மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி வி-லேன் பிரித்தால் நல்லது. வசதி இல்லையென்றால் கேமராவுக்கும் விருந்தினர் வைஃபைக்கும் தனி இணைப்பு, தனி ரவுட்டர். பாய்லர், பம்ப், வேபிரிட்ஜ் இருக்கிற பக்கம் இணையமே வேண்டாம். அங்கே பென் டிரைவ் போக வேண்டுமானால் அதற்கென்று ஒன்று வைத்து, வேறு எங்கும் செருகாதீர்கள்.

கேமராவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து அடியாள் படையாக்கிய நிரல்தான் மிராய். 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திறக்காமல் போனதற்கு அதுதான் காரணம். முதலாளி போனில் கேமரா பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறக்கிறவர்கள், பாஸ்வேர்டையாவது மாற்றிவிட்டுத் திறங்கள். திறக்காமலே வி.பி.என். வழியாகப் பார்க்கவைப்பது இன்னும் மேல்.

கிளியரிங் ஆபீஸ்களுக்கே உரிய இன்னொன்று, டி.எஸ்.சி. டோக்கன். இறக்குமதியாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் மேஜை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் பின் நம்பர். வேலை சுலபம் என்பது உண்மை. ஆனால் அது கையெழுத்து. தன் கையெழுத்துச் சாவி தன் கட்டுப்பாட்டில் இருக்கும்படி உரிய கவனம் எடுக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் டோக்கனை இன்னொருவரின் டிராயரில் விட்டு வைக்கிற வியாபாரிகளே, அதை வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் ஆபீசில் இருப்பவர்கள், உங்கள் சொந்த டோக்கனையாவது சாயங்காலம் கழற்றிப் பூட்டுங்கள்.

துறைமுகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பவர்களுக்கு ஆன்ட்வெர்ப் கதை. பெல்ஜியத்தின் அந்தத் துறைமுகத்தில் 2011 முதல் இரண்டு வருஷம், போதைக் கடத்தல்காரர்கள் கன்டெய்னர் இருக்குமிடத்தையும் எடுத்துச் செல்லும் ரகசிய எண்ணையும் கம்ப்யூட்டரிலிருந்து திருடி, உரிய லாரி வருவதற்கு முன் தங்கள் லாரியை அனுப்பி எடுத்துப் போனார்கள். முதலில் மெயிலில் நிரல் அனுப்பினார்கள். அது பிடிபட்டு ஃபயர்வால் போட்டதும், ஆபீசுக்குள்ளேயே நுழைந்து, பிளக் பலகை போன்ற பொருள்களுக்குள் விசைப்பதிவுக் கருவிகளை ஒளித்து வைத்தார்கள். மேஜைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டரின் பின்னால் நாம் செருகாத எதுவும் செருகியிருக்கிறதா என்று பார்ப்பதும் சிஸ்டம் பார்க்கிற வேலைதான்.

பணம் அதிகம் போவது இவற்றால்கூட இல்லை, மெயிலால். வெளிநாட்டு ஏஜென்டோடு மாதக்கணக்கில் ஓடுகிற மெயில் உரையாடலை யாரோ எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சரியாகப் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில், 'எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, புதிய கணக்குக்கு அனுப்பவும்' என்று ஒரு மெயில் வரும். முகவரியை உற்றுப் பார்த்தால், ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். சின்ன எழுத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற பழைய போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் குரல் கேட்ட பிறகுதான் பணம் போக வேண்டும். மெயிலிலேயே கொடுத்திருக்கிற நம்பருக்கு அல்ல. இது அக்கவுன்ட்ஸ் பிரிவில் எழுதி ஒட்ட வேண்டிய விதி. நம் பெயரில் பிறர் மெயில் அனுப்பாமல் இருக்க எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று பதிவுகள் நம் டொமைனில் இருக்கின்றனவா என்று சிஸ்டம் பார்க்கிறவர்கள் இன்றே பாருங்கள். செலவே இல்லாத வேலை.

தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பேங்க் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

ரேன்சம்வேர் என்று தெரிந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். எப்படி வந்தான் என்ற தடயம் அதில்தான் இருக்கிறது, அது தெரியாமல் புதிதாக நிறுவினால் அதே வழியில் மறுபடியும் வருவான். திரையைப் போனில் படம் எடுங்கள். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் இட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கடிகார விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டி.வி.ஆர். ஒரு நேரம், சர்வர் ஒரு நேரம் காட்டினால், எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பணம் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறை கம்ப்யூட்டர்களைப் பூட்டியவர்கள் கேட்டது 1,950 டாலர். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலகத்திடம் கேட்ட தொகை அது. சின்ன ஆபீசும் கட்டக்கூடிய அளவில் விலை வைக்கிறவர்களும் இவர்களில் உண்டு.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மாற்ற வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு, பணம் கையாளுகிற கம்ப்யூட்டரை முதலில் மாற்றுங்கள். திருட்டு மென்பொருள் வேண்டவே வேண்டாம். கிராக் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் ஃபைல் என்ன செய்யும் என்பது அதை எழுதியவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய எதிரிகளும் உண்டு. எண்ணூரில் நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் ஃபேனை அடைக்கின்றன. கடற்காற்றின் உப்பு, மெமரி கார்டின் பல்லில் பச்சை பிடிக்க வைக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் வந்தது மழைநீர் மட்டும் இல்லை, எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணெய் கலந்த தண்ணீரில் நனைந்த ஹார்டு டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் மனசு ஆறாது. தரைத்தளத்தில் மேஜைக்கு அடியில் சர்வரும் யு.பி.எஸ்.ஸும் வைத்திருப்பவர்கள், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். பேக்கப் டிஸ்க் வைத்திருக்கிற பீரோவும் தரைத்தளத்தில் இருந்தால் அதையும் சேர்த்துத்தான்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஆபீசில் சிஸ்டம் பார்க்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டு டிஸ்க்குக்குப் பணம் கொடுங்கள். போன மாதத்து ஃபைல் ஒன்றின் பெயரைச் சொல்லி, பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அவனைத் திட்டாதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.